பெண் இயக்கினால் பேயும் இயங்கும்

பிழைதிருத்திக்குப் பிழைதான் பிழைப்பு. அச்சகத்தின் மூலை அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, அடுத்தவர் எழுத்துக்குக் கொம்பும் காலும் ஒட்டவைத்து வந்தவருக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்தது. இவர்களெல்லாம் எழுதும்போது நாம் எழுதினால் என்ன?

"நான் புத்தகம் எழுதப் போறேன்," என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். "பேய்ப்படம் எடுக்கிற பெண் இயக்குநர்களைப் பத்தி. யாரும் தொடாத விஷயம். தலைப்புகூட வெச்சாச்சு. 'பெண் இயக்கினால் பேயும் இயங்கும்!'"

மனைவி தட்டை எடுத்தபடியே கேட்டாள். "தலைப்பு நல்லாருக்கு. நீங்க பேய்ப்படம் பாப்பீங்களா?"

"ஆராய்ச்சின்னு வந்துட்டா பாத்துத்தானே ஆகணும்?"

"போன மாசம் பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல்ல எட்டிப் பாத்ததுக்கு ரெண்டு நாள் ஜுரத்துல கிடந்தீங்க."

"அது பருவக் காய்ச்சல்."

அச்சகத்துக்கு வாடிக்கையாக வரும் பதிப்பாளர் ஒருவர் தலைப்பைக் கேட்டதுமே சரியென்றுவிட்டார். பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டு அத்தியாயங்கள், ஆறு மாதத்தில் கையெழுத்துப் பிரதி.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல வெயிலில், எல்லாத் திரைகளையும் விலக்கிவிட்டு முதல் படத்தைப் போட்டார். நாலாவது நிமிஷம் ஒரு கதவு தானாகத் திறந்தது. அவ்வளவுதான். அவர் கண்ணைத் திறந்தபோது சமையலறையில், மனைவியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"இல்ல... ஒரு யோசனை வந்துது." பேயறைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி ஆய்வுக்கு ஒரு சாதாரண ரசிகையோட பார்வை ரொம்ப முக்கியம். நீ படத்தைப் பாத்துட்டுக் கதையைச் சொல்லு. நான் உள்ள உக்காந்து சிந்திக்கிறேன்."

அவளுக்கு என்ன வந்தது? அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். தினம் முப்பது பேர் வாயைப் பிளந்து அலறுவதைக் கேட்டபடியே அடுத்தவருக்கு டோக்கன் கிழிக்கிறவள். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே படம் பார்த்தாள். பேய் கழுத்தைத் திருகியபோது, "கீழ்வரிசைப் பல்லெல்லாம் சொத்தை," என்றாள். அவர் படுக்கையறையில் காதில் பஞ்சோடு சிந்தித்தார்.

படம் முடிந்ததும் வந்து சொன்னாள். "கேளுங்க. பேய் வந்து கத்தினதுனால பயம் வரல. அதுக்கு முன்னாடியே வீட்டுல ஒருத்தி, 'மாடியில என்னமோ சத்தம் கேக்குது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. புருஷன் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கல. பயம் அங்கேயே ஆரம்பிச்சிடுது."

அவர் பரபரவென்று எழுதினார்: 'நான் நுணுகி ஆராய்ந்த வரையில், செவிசாய்க்கப்படாத பெண்குரலே இப்படங்களின் முதல் பேய்.' எழுதிவிட்டுத் தானே ஒருமுறை படித்து, அசந்துபோனார்.

இப்படியே பன்னிரண்டு சனிக்கிழமைகள். அத்தியாயங்கள் மளமளவென்று வளர்ந்தன. நடுவில் முன்னுரையும் எழுதி முடித்தார். பதிப்பாளருக்கு நன்றி, அச்சக முதலாளிக்கு நன்றி, கடைசியில் 'தொந்தரவு செய்யாத வீட்டாருக்கும்' நன்றி.

பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்த இயக்குநரைப் பேட்டி காண அனுமதி கிடைத்தது. அந்த அம்மாளின் அலுவலகத்தில் அலமாரி முழுக்க ரப்பர் தலைகள். பிழைதிருத்தி அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"உங்க படத்துல என்னை உலுக்கின காட்சி ஒண்ணு உண்டும்மா. செத்துப்போன மாமியார் வாஷிங் மெஷின்லேர்ந்து மெதுவா வெளிய வந்து, மருமக மடிச்சு வெச்ச துணியையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு, தன் இஷ்டப்படி மறுபடி மடிக்கிறாளே... அதுல நீங்க சொல்ல வந்தது என்ன?"

இயக்குநர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "சார், என் படம் முழுக்க நடுக்கடல்ல, ஒரு மீன்பிடிக் கப்பல்ல நடக்குது."

"அது... ஆழ்மனசுல..."

"கப்பல்ல மாமியாரே கிடையாது சார். மருமகளும் கிடையாது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு அவருக்கு வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாமே பேயாகத்தான் இருந்தது. குனிந்த தலையோடு உண்மையைக் கொட்டினார். கோபம் வரும் என்று பார்த்தால், அந்த அம்மாள் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பேய் யாரையும் கொல்லல. துணி மடிக்குது." கையை நீட்டிக் காட்டினார். "பாருங்க, எனக்கே மயிர் கூச்செறியுது. உங்க வீட்டம்மா நம்பரைக் குடுங்க."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. "கப்பலாமே!"

"ஆமாங்க. நல்ல பெரிய கப்பல்."

"அப்புறம் ஏன் மாமியாருன்னு சொன்னே?"

"கத்தரிக்கோல் தேடறப்போ உங்க முன்னுரை கண்ணுல பட்டுது. தொந்தரவு செய்யாத வீட்டார்னு போட்டிருந்தீங்க. உள்ளதைச் சொன்னா தொந்தரவா இருக்குமோன்னு நானே இட்டுக்கட்டிட்டேன்."

"எத்தனை படம் இந்த மாதிரி?"

"ஆறாவதுலேர்ந்து."

ஏழு அத்தியாயம்! கெடுவுக்கு ஏழே வாரம். அவர் அப்படியே சோபாவில் சரிந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரிமோட்டை அவர் கையில் வைத்தாள். "பாருங்க. நானும் உக்காந்திருக்கேன்."

பார்த்தார். ஏழு சனிக்கிழமையும் மடியில் தலையணை, ஒரு கை அவள் கையில். எட்டுத் தடவை அலறினார். அதில் ஒன்று விளம்பர இடைவேளையில். ஆனால் கப்பல் படத்தில், சமையல்காரி மூன்று தடவை எச்சரித்தும் யாரும் திரும்பிப் பார்க்காதபோது, அவரே திரையைப் பார்த்துக் கத்தினார். "அவ சொல்றதைக் கேளுங்கடா!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று மாலையே அவர் 'நான் நுணுகி ஆராய்ந்த வரையில்' வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் அடித்து, 'என் மனைவி கவனித்தபடி' என்று திருத்தினார். பத்தொன்பது இடம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் திருத்தியதிலேயே பெரிய பிழை அதுதான்.

பிரதியைக் கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பதிப்பாளர் போன் செய்தார். "சார், அந்த இயக்குநர் அம்மாவோட அடுத்த படத்துக்குக் கதை உங்க வீட்டம்மாவாமே? பேப்பர்ல போட்டோ வந்திருக்கு! அவங்க முன்னுரை எழுதினா புத்தகம் பிச்சுக்கிட்டுப் போகும். நீங்க எழுதினதை எடுத்துடலாம்."

அவர் காபி போட்டு எடுத்துக்கொண்டு, குழைந்தபடி போய் நின்றார். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்த மனைவி, தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

"தாராளமா எழுதறேன். ஆனா புத்தகம் படிக்கிறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லைங்க. நீங்க இப்படி உக்காந்து கதையைச் சொல்லுங்க, நான் சிந்திக்கிறேன்."