ஒரு மயிரிழை முன்னால்

தாள் மறுபடியும் கிழிந்தது.

பழைய மோட்டார் சைக்கிளில் பொறியை உண்டாக்கும் பாயின்ட் முனைகள் இரண்டுக்கும் நடுவே சிகரெட் தாளைச் செருகிவிட்டு, ஆர்வில் என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் பாயின்ட் திறந்து, தாள் நழுவி வரவேண்டும். பொறி அடிக்க வேண்டிய நொடி அதுதான். தாளோ ஒருமுறை சீக்கிரம் வந்தது, ஒருமுறை வரவே இல்லை, இப்போது கிழிந்தே போனது.

கராஜ் வாசலில் மனைவி மார்லிஸ் கார் சாவியோடு நின்றாள்.

"கஸ் கிளம்பிட்டானாம்."

கஸ் பழைய இரும்பு எடுப்பவன். மினசோட்டாவில் பனி விழுவதற்குள் கார் கராஜுக்குள் வந்தாக வேண்டும் என்பது மார்லிஸின் கட்சி. கஸ் வரும்போது மோட்டார் சைக்கிள் தன் சக்தியில் ஒரு அடி நகர்ந்தாலும் போதும், அது இருக்கலாம். நகராவிட்டால் கஸ்ஸோடு போகும்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான், மார்லிஸ்."

"ரெண்டு குளிர்காலமா இதைத்தான் சொல்றே."

அவள் போனதும் பக்கத்து வீட்டு டுவேன் காபிக் கோப்பையோடு வந்தான். கூடவே நாய்.

"பொறி லேட்டா அடிக்குதுப்பா. பாயின்ட் இருக்கற தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளு."

ஆர்வில் தள்ளினார். கிக்கரை உதைத்தார். புகைக்குழாயில் 'டமால்' என்றது. நாய் டுவேனின் பிக்கப் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நாய் வெளிய வரமாட்டேங்குது," என்றார் ஆர்வில்.

"அப்போ கிட்ட வந்துட்டோம். இன்னும் தள்ளு."

"புத்தகத்துல இவ்வளவுதான்னு போட்டிருக்கே."

"எழுதினவன் நம்ம ஊர்க் குளிரைப் பார்த்தானா?"

ஆர்வில் தள்ளினார். இந்தத் தடவை கிக்கர் கழுதை மாதிரி திருப்பி உதைத்தது. மான்கறி வைத்திருந்த ஃப்ரீசர் மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"உயிர் இருக்கறதுதானே உதைக்கும்?" என்றான் டுவேன். "இன்னும் ஒரு மயிரிழை."

அதற்குள் கஸ் லாரியைப் பின்னோக்கி ஓட்டி வந்து, டிரெய்லரைக் கராஜுக்கு நேராக நிறுத்திவிட்டான். டிரெய்லரின் சாய்வுப் பலகையைத் தடாலென்று இறக்கினான். மார்லிஸும் வந்துவிட்டாள்.

ஆர்வில் தட்டைக் கடைசியாக ஒருமுறை தள்ளி, திருகை இறுக்கி, அடிபடாத காலால் உதைத்தார்.

கிக்கர் வெடுக்கென்று துள்ளியது. பிறகு என்ஜின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை, சீரான சத்தம். ஆர்விலுக்குக் கண் கலங்கியது. டுவேன் கோப்பையை உயர்த்தினான்.

"நகரணும்னு சொன்னேன். சத்தம் போடணும்னு சொல்லலை," என்றாள் மார்லிஸ்.

முன்சக்கரத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஒரு அடிக்கு மேல் இடம் இருந்தது. அது போதும். ஆர்வில் ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டார்.

வண்டி பின்னால் போனது.

பொறி ரொம்பவும் சீக்கிரம் அடித்தால் டூ ஸ்ட்ரோக் என்ஜின் தலைகீழாகச் சுற்றும் என்று டுவேன் எங்கேயோ கேட்டிருந்தான். அது அவன் ஞாபகத்துக்கு வந்தபோது ஆர்வில் கராஜைத் தாண்டியிருந்தார். பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டார். வண்டி வாசலில் இறங்கி, சாய்வுப் பலகையில் நேராக ஏறி, டிரெய்லரில் இருந்த பழைய அடுப்பில் இடித்து நின்று, அணைந்தது.



"நகர்ந்துச்சு," என்றார் ஆர்வில், வண்டியை விட்டு இறங்காமலே. "எல்லாரும் பார்த்தீங்க. தானா நகர்ந்துச்சு."

மார்லிஸ் பெருமூச்சு விட்டாள். "நகர்ந்துச்சுதான்," என்றாள், மனசே இல்லாமல். "கஸ், நீ என்ன சொல்றே?"

கஸ் சாய்வுப் பலகையைத் தூக்கி மடித்து, கொக்கியை மாட்டினான்.

"வண்டியில எந்தக் கோளாறும் இல்லை, ஆர்வில். இத்தனை நாளும் அது என்னைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்திருக்கு."