முன்னாடி இருந்த அம்மா

சாமான் அறைக்குள்ளிருந்து ‘டப்’பென்று ஒரு சத்தம். கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லீங்க, பாட்டில் மூடி கழண்டுடுச்சு!" என்று சொல்லிக்கொண்டே பாஸ்டரம்மா உள்ளே ஓடினாள்.

மூடி கழண்டது உண்மைதான். அது கூரையில் இடித்துவிட்டு மாவு டின்னுக்குள் குதித்ததையும், பாட்டிலின் வாயில் நுரை பொங்கி வழிந்ததையும் மட்டும் அவள் சொல்லவில்லை. குனிந்து மோந்து பார்த்தாள். தலை விர்ரென்றது. பிழிந்து வைத்த திராட்சரசம், சத்தமில்லாமல் புளித்துச் சாராயமாகிக்கொண்டிருந்தது.

இதில் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்பவர்களுக்கு மெதடிஸ்ட் சபையைப் பற்றித் தெரியாது. அவர்கள் மது என்றால் பத்தடி தள்ளி நிற்பவர்கள். கோயிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்குக்கூடப் புளிக்காத ரசம்தான். அதையும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில், இருமல் மருந்து மாதிரி அளந்து கொடுப்பார்கள். போன சபையில் அதைக் கடையில் வாங்கினார்கள், வேலை முடிந்தது. இந்தச் சபையில் பாஸ்டரம்மாவே தன் கையால் பிழிய வேண்டும். ஏனென்றால் முன்னாடி இருந்த அம்மா அப்படித்தான் செய்தார்களாம்.

முன்னாடி இருந்த அம்மா! வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தப் பேர் காதில் விழாத பொழுது கிடையாது. ஒரு காலால் யாருடைய குழந்தையின் தொட்டிலையோ ஆட்டிக்கொண்டு, மறு காலால் ஆர்கனை மிதித்துக்கொண்டு, பாட்டுக்குழுவில் சுருதி விலகியவர் யாரென்று கண்ணாலேயே பிடித்துவிடுவார்களாம். சபையில் அத்தனை பேருடைய கல்யாண நாளும் அவர்களுக்கு மனப்பாடமாம். புருஷன்மார்கள் அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்களாம்.

இன்னொருத்தியாக இருந்தால் பொறாமையில் வெந்திருப்பாள். நம் பாஸ்டரம்மாவோ மலைத்துப்போனாள். ‘ஆண்டவரே, இப்படியும் ஒரு மனுஷியைப் படைச்சீரா!’ என்று நிஜமாகவே வாய்பிளந்தாள். பாத்திரம் கழுவும்போதுகூட, இதே குழாயடியில்தானே அந்த அம்மா நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

பொங்கின ரசம் பொங்குவதற்கு வேறு நாள் பார்த்திருக்கலாம். இன்றைக்கு டி.எஸ். ஐயா வருகிறார். அந்த வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் மேலதிகாரி. பாஸ்டர்களை ஊர் மாற்றுவது அவர் கையில். மதுவிலக்குப் பிரசங்கத்துக்குப் பேர்போனவர். ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி அவரோடு உட்கார்ந்து, இந்தப் பாஸ்டர் இருக்கட்டுமா, போகட்டுமா என்று சொல்லிவிடும்.

மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருஷம். பாவம், ஒவ்வொரு மாற்றலிலும் ஒரு பள்ளிக்கூடம், புதுச் சிநேகிதிகள், அப்புறம் அழுகை. "இந்த ஒரு வருஷமாவது பெட்டியைக் கட்டாதீங்கம்மா" என்று அவள் கேட்டது தாய் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

கொதிக்கவைத்தால் போதை பறந்துவிடும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். எல்லாப் பாட்டிலையும் பெரிய பாத்திரத்தில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றினாள். அந்த நேரம் பார்த்து மாதர் சங்கத் தலைவி பூங்கொத்தோடு வந்து நின்றார். எங்கேயும் நிற்காமல் பேசுகிறவர் என்பதால், முதுகுக்குப் பின்னால் சபையார் அவருக்கு வைத்த பேர் எக்ஸ்பிரஸ்.

"என்னம்மா, வாசனை ஆளைத் தூக்குது!"

"சும்மா... லேசா சூடு பண்றேன்."

"முன்னாடி இருந்த அம்மாவும் இப்படித்தான், எந்நேரமும் அடுப்படிதான். சாவு வீட்டுக்கு அவங்க போற வேகம் இருக்கே! செத்தவருக்கே விஷயம் தெரியுறதுக்குள்ள காபி ஃப்ளாஸ்க்கோட வாசல்ல நிப்பாங்க."

"அய்யோ, அப்படியா!"

"அது மட்டுமா? ஒருதடவை மழையில கோயில் ஒழுகிச்சு. பாட்டு நிக்கல. ஒழுகுற இடத்துக்கெல்லாம் வாளி வச்சாங்க பாருங்க, சொட்டு விழுற சத்தம்கூட தாளத்துல விழுந்துச்சு!"

பாஸ்டரம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுப்பு மறந்தே போயிற்று. எக்ஸ்பிரஸ் கிளம்பிப் போனபின் திரும்பிப் பார்த்தால், ரசம் ஜாமாகிவிட்டிருந்தது. கரண்டி நடுவில் பிடிப்பாரில்லாமல் நிமிர்ந்து நின்றது.

தண்ணீர் ஊற்றினாள். ஜாம் இளகியது, கூடவே நிறமும் போனது. அலம்பி விட்ட கழுநீர் மாதிரி இருந்ததை எந்த முகத்தோடு பீடத்தில் வைப்பது? கடைக்கு ஓடலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை, ஈ காக்கை கிடையாது. காய்கறிக் கூடையில் பீட்ரூட் கண்ணில் பட்டது.

துருவினாள். பிழிந்தாள். அடடா, என்ன நிறம்! பட்டு தோற்றது போங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி வாயில் போட்ட ருசி. சர்க்கரையைக் கொட்டினாள். போதவில்லை. டப்பாவையே கவிழ்த்தாள். இப்போது கரண்டி விரலை விடமாட்டேன் என்றது.

"கிணறு வெட்டப் போனா பூதமால்ல கிளம்புது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த இடத்தில் நெற்றியும் சிவந்தது.

பாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏய், கையெல்லாம் ரத்தக்களறியா இருக்கு! யாரையாவது கொன்னுட்டியா?"

"இன்னும் இல்ல. ஆராதனை முடியட்டும்."

மணி அடித்துவிட்டது. கிண்ணங்களில் ஊற்றித் தட்டுகளை அடுக்கும்போது எக்ஸ்பிரஸ் மறுபடி ஓடிவந்தார்.

"டி.எஸ். ஐயா கார் வந்தாச்சு! கூட யாரு இறங்குனாங்கன்னு சொல்லுங்க பாப்போம்? முன்னாடி இருந்த அம்மா!"

பாஸ்டரம்மா கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். போன மாற்றலில் இரண்டு குடும்பமும் ஒரே உத்தரவில் இடம் மாறியவை. இவர்கள் இங்கே வர, அவர்கள் இவள் இருந்த சபைக்குப் போனார்கள். அங்கே இவள் கிழித்தது என்ன? வைத்த விருந்தில் பாதிச் சபைக்கு வயிற்றுவலி. வாசித்த பாட்டில் பாட்டுக்குழுவே வழிதவறிப் போயிற்று. அந்த லட்சணமெல்லாம் அந்த அம்மா காதுக்கு வராமலா இருக்கும்?

கோயிலுக்குள் கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டு பார்த்தாள். மூன்றாவது வரிசையில் சின்ன உருவமாக ஒரு பெண். தேய்ந்த செருப்பு, பழைய கைப்பை. இவ்வளவுதானா என்று தோன்றவில்லை அவளுக்கு. இவ்வளவு சின்ன உடம்புக்குள்ளா அத்தனையும் அடங்கிக் கிடக்கிறது என்று கண் கலங்கியது. அந்த அம்மாவோ பீடத்தைப் பார்க்காமல், திரும்பித் திரும்பி இவளையே பார்த்தார்கள். ‘எடை போடுறாங்க’ என்று பாஸ்டரம்மா இன்னும் குனிந்தாள்.

திருவிருந்து தொடங்கியது. டி.எஸ். ஐயா முதல் கிண்ணத்தை எடுத்து, கண்ணை மூடிப் பருகினார். கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லவில்லை, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பனி மாதிரி வெளுத்த அவர் மீசை ரோஜா நிறமாகியிருந்தது. அடுத்து பாஸ்டர். பிறகு வரிசை வரிசையாகச் சபை. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து வாயைத் திறந்தபோது, பல்லும் நாக்கும் உதடுமாக ஒரு கோயில் முழுக்கச் செக்கச்செவேலென்று பாடியது. பாஸ்டரம்மா தரை பிளக்குமா என்று பார்த்தாள். தரை பிளக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் ஒளிந்தாள். கமிட்டி முடிந்து எக்ஸ்பிரஸ்தான் முதலில் வந்தார், சிவந்த வாயோடு.

"கமிட்டி உங்களை இருக்கட்டும்னுதான் சொல்லிச்சு. ரசம் கொஞ்சம் கெட்டிதான், ஆனா நாக்குலேயே நிக்குது, பிரசங்கம்கூட இவ்வளவு நேரம் நின்னதில்லன்னு பேசிக்கிட்டாங்க."

"நிஜமாவா!"

"ஆனா டி.எஸ். ஐயாதான் பிடி கொடுக்கல. ‘ரெண்டு பாஸ்டரையும் பழையபடி திருப்பி மாத்திடலாமான்னு பாக்குறேன், ரொம்ப நச்சரிக்கிறாங்க’ங்கிறாரு."

பாஸ்டரம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நச்சரிப்பது யாரென்று கேட்கவேண்டுமா? அந்தத் தங்கத்தை ஒருமுறை அனுபவித்த இந்தச் சபை, இந்தப் பித்தளையை எத்தனை நாள் தாங்கும்? மகளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

எக்ஸ்பிரஸ் நகர்ந்ததும் வாசலில் நிழல் தட்டியது. முன்னாடி இருந்த அம்மா. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள்.

பாஸ்டரம்மா எழுந்து கைகூப்பினாள். மனதில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. அது புளிச்சுப்போச்சு. கொதிக்க வச்சேன், ஜாமாயிடுச்சு. தண்ணி ஊத்தினேன், வெளுத்துடுச்சு. நீங்க குடிச்சது பாதிக்கு மேல பீட்ரூட். உங்க கால்தூசிக்குக்கூட நான் ஈடாக மாட்டேன். நீங்களே இங்க திரும்பி வந்துடுங்க, அதுதான் நியாயம். என் பொண்ணுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அந்த அம்மா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தைப் பார்த்தார்கள். தரையில் சிதறிக் கிடந்த பீட்ரூட் தோலைப் பார்த்தார்கள். பிறகு பாஸ்டரம்மாவின் சிவந்த கைகளை எடுத்து, ஏதோ கிடைக்காத பொருள் கிடைத்துவிட்ட மாதிரி தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் உதடும் சிவந்துதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"அக்கா, உங்களைத் திருப்பித் தாங்கன்னு டி.எஸ். ஐயாவை நச்சரிக்கிறது உங்க பழைய சபை. ‘முன்னாடி இருந்த அம்மா மாதிரி வருமா’ன்னு தினம் என் உசுரை எடுக்குறாங்க, என் பையனுக்கும் இது கடைசி வருஷம், அதனால ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை இந்தப் பீட்ரூட் ரசத்தோட அங்க வந்து ஆளுக்கு ஒரு கிண்ணம் ஊத்திட்டுப் போயிடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"