கரையான்சாவடி நூலகத்தில் ஒரு மேனேஜர்

பதினெட்டு வருடமாகப் பல மேனேஜர்களிடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அவர்களில் வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கம்பெனி கிடையாது, தனி அறை கிடையாது. கரையான்சாவடி கிளை நூலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேஜை மட்டும் உண்டு.

அவரிடம் நான் சேர்ந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம், 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று திங்கட்கிழமை கூட்டம் போட்டுச் சொன்னது. புதன்கிழமை என்னைக் குடும்பத்தை விட்டுத் தள்ளி வைத்தது. இதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கணக்கு முடித்துக் கொடுத்த மூன்று மாதச் சம்பளம் கையில் இருந்ததால் உடனே சொல்லியாக வேண்டிய நிலையும் இல்லை. அடையாள அட்டையைப் பிடுங்கியவர்கள் கயிற்றை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அந்தக் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, நுனியைச் சட்டைப் பையில் செருகி, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பினேன். இரண்டு நாள் குமணன்சாவடி டீக்கடையில் கழிந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியதும் நூலகத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே இஸ்திரி போட்ட சட்டையும் பையில் மூன்று பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, வேல பூட்ச்சா?"

"இல்லையே, சும்மா படிக்கலாம்னு..."

"படிக்க வர்றவன் சோறு கட்டிகினு வர மாட்டான். ஊட்ல சொல்லல, அதானே? குந்து."

குந்தினேன். அன்றே பணியில் சேர்ந்ததாக ஆகிவிட்டது.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடம் லேத் மெஷின் ஓட்டியவர். பட்டறையை மூடியதும், யாரையும் கேட்காமல் தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். நூலகர் அம்மா உட்பட எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான். அவருக்குக் கீழே, வேலை போனதை வீட்டில் சொல்லாத நாலு பேர் ஊழியர்கள். என்னையும் சேர்த்துத்தான்.

காலை ஒன்பதுக்கு வந்துவிட வேண்டும். போன் ஊமையாக இருக்க வேண்டும். எல்லாச் செய்தித்தாள்களின் வேலை விளம்பரங்களையும் படித்து, தினம் ஒரு விண்ணப்பமாவது போட்டு, அவருடைய நீள நோட்டில் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றைக்கு 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று கண்டிப்பான முகத்தோடு அறிவித்தார். ஒருமுறை காய்ச்சலில் படுத்து எழுந்து விடுப்புக் கடிதம் கொடுத்தேன். "காய்ச்சல்னு போட்டுகீற. 'தாழ்மையுடன்' எங்க காணோம்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் மாதிரி நேர்காணல். நூலகர் அம்மா 'உஷ்' என்பார் என்பதால் எல்லாம் கிசுகிசுப்பில் நடக்கும்.

"உன்னாண்ட இன்னா கீது? நான் எதுக்கு உன்ன எடுக்கணும்?"

"நான் நல்ல டீம் பிளேயர்."

"கபடிக்கா ஆள் எடுக்குறாங்க? செஞ்ச வேலய சொல்லு நைனா."

சொன்னேன். பதினெட்டு வருட உழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டதில் எனக்கே பயமாகிவிட்டது. ஆறு முறை திரும்பச் சொல்ல வைத்தார். ஏழாவது முறை, "இப்பதான் மன்சன் பேசுற மாரி கீது" என்றார்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், போனில் என்னைப் பிடிக்க முடியாத என் மனைவி, பழைய அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று அந்தக் குடும்பம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. என் போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மேதையும் நான்தான். அரை மணி நேரத்தில் நூலக வாசலில் நின்றாள்.

மேனேஜர் எழுந்தார். "சாரு மீட்டிங்ல கீறாரு. குந்தும்மா." சாராகிய நான் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க யாரு?"

"மேனேஜரு."

"எந்தக் கம்பெனிக்கு?"

நோட்டைத் திறந்து அவள் முன் தள்ளினார். என் பெயருக்குக் கீழே முப்பத்தெட்டு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, 'இல்லை' என்று அவர் கையெழுத்து.

"பொய் சொன்னது தப்புதாம்மா. ஆனா ஒரு நாளும் லேட்டா வர்ல. ஒரு நாளும் சும்மா குந்தல."

அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள்.

"இத்தனை பேர் வேண்டாம்னு சொன்னதை நீங்க மட்டும் தனியாவா வச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். குரல் உடைந்து கொஞ்சம் உரக்கவே வந்தது. நூலகர் அம்மா 'உஷ்' சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் திரும்பினாள். "உங்க வீட்டுல தெரியுமா?"

"மொத நாளே தெரியும். ஊட்ல குந்திகினு கொழம்பு வைக்கிறதுக்கெல்லாம் ரூல்சு போட்டேன். எங்கனா போய் மேனேஜ் பண்ணிக்கனு சோறு கட்டிக் குடுத்துத் தொரத்திட்டா."

என் மனைவி சிரித்தாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பையில் மேனேஜருக்கும் ஒரு டப்பா வந்தது.

அடுத்த மாதம் ஒரு நேர்காணலில், ஏழாவது முறை சொன்னதை அப்படியே சொன்னேன். வேலை கிடைத்தது. மேனேஜரிடம் ஓடிப் போய்ச் சொன்னபோது கை குலுக்குவார் என்று நினைத்தேன். ராஜினாமாக் கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எனக்கு அனுபவச் சான்றிதழ் எழுதித் தந்தார்: 'இவர் நல்ல ஆள். தங்களுக்கு வேண்டாம் என்றால் தெருவில் விட வேண்டாம். எங்களிடமே திருப்பி அனுப்பவும்.'

புதிய கம்பெனியில் என்னிடம் இருக்கும் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். இதை மட்டும் கொடுக்கவில்லை. தொலைத்துவிடுவார்கள்.