ஆறுமுகத்தாயின் மோட்டாரும் நவீனக் காவலும்

திருடன் வீடு தெரிந்தும், விஞ்ஞானம் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று விரதம் இருந்த மகான் இந்தப் பூமியில் ஒருவர்தான்: இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன். சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு காவல் நிலையத்தை அவர் அலங்கரித்து வந்தார். எந்த நிலையம் என்று சொன்னால் மற்ற நிலையங்கள் பொறாமைப்படும், வேண்டாம்.

அந்த விரதத்தின் அருமை ஆறுமுகத்தாய்க்குப் புரியவில்லை. ஒற்றை விசைத்தறியில் துண்டு நெய்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தவள் அவள். புருஷன் மூக்காண்டி பம்பாய்க்குப் போனவர், போனவர்தான். ஒருநாள் விடிந்து பார்த்தால் தறி இருக்கிறது, மோட்டாரைக் காணோம். தேடும் சிரமம்கூட இல்லை. அடுத்த தெருவில் துரைப்பாண்டி புதிதாகப் போட்டிருந்த தறி ஷெட்டில் அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மூத்த மகள் அதன் முதுகில் அடித்த மஞ்சள் பெயிண்ட்கூட அழியவில்லை.

நிலையத்துக்கு ஓடினாள். "அய்யா, எம் மோட்டாரு துரைப்பாண்டி ஷெட்டுல ஓடுது. இப்பம் வந்தா கையோட எடுத்துரலாம்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். துரைப்பாண்டி ஆளுங்கட்சிப் பிரமுகர் என்பதா காரணம்? சேச்சே. அவர் சிந்தித்தார்.

"மஞ்ச பெயிண்ட்டெல்லாம் பழைய முறைம்மா. போலீசை நவீனமாக்க டெல்லியிலேருந்து கமிட்டி வருது. எந்தக் கருவி முதல்ல, எது ரெண்டாவதுன்னு முடிவாகட்டும். உன் மோட்டாரை விஞ்ஞானப்பூர்வமாப் பிடிப்போம்."

"அதுவரைக்கும் பிள்ளைக என்னத்தத் திங்கும்?"

"நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்தாள். கூலிக்கு நூல் சுற்றினாள். மறுநாளும் நிலையத்துக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவளைப் பார்த்தாலே ஏட்டு ஆவுடையப்பன் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொள்வார்.

கமிட்டியும் வந்தது. பயணியர் மாளிகையில் கூட்டம். முன்வரிசையில் 'பொதுமக்கள் பிரதிநிதி' துரைப்பாண்டி. பிரியாணி உபயமும் அவரே. ஆறுமுகத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

தலைவர் இந்தியில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார்: "குற்றம் நடந்த இடத்துக்கு இப்போது எப்படிப் போகிறீர்கள்?"

ஆவுடையப்பன் எழுந்தார். "ஜீப்புக்கு டீசல் கெடையாதுய்யா. பக்கத்துல இருக்குத எடம்னா கால்நடையாப் போயிரலாம்."

மொழிபெயர்ப்பாளர் 'கால்நடை'யை மாடு என்று பெயர்த்தார். தலைவர் பதறிப்போனார். இந்த நூற்றாண்டிலும் மாட்டு வண்டியா? கால்நடை கால்நடைத் துறையைச் சேர்ந்தது, காவல்துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள்.

துரைப்பாண்டி எழுந்தார். "கம்ப்யூட்டர்தான் முதல்ல வேணும். அது வந்துட்டா ஒரு திருட்டுப்பயலும் தப்ப முடியாது!"

பலத்த கைதட்டல். அனுபவம் இல்லாதவரால் இப்படிப் பேச முடியுமா? முதல் முன்னுரிமை கம்ப்யூட்டர். அடுத்தது, அதற்கு வேர்க்காமல் இருக்க ஏசி. அதற்கும் அடுத்தது, அந்த அறைக்குள் போகிறவர்களுக்குப் பஞ்சுச் செருப்பு. டீசல் 'இதர'வில் சேர்ந்தது.

"அய்யா, எம் மோட்டாரு எத்தனாவது?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "பொதுமக்கள் ஆதரவு தெரிவிக்காங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சில மாதத்தில் சோதனை முறையில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. லாக்கப்பைக் காலிசெய்து ஏசி போட்டார்கள். கைதிகளுக்கு வேர்த்தபோது வராத ஏசி! மெட்ராஸிலிருந்து வந்த நிபுணர், "இந்த வட்டாரக் குற்றவாளிகள் பேரையெல்லாம் சொல்லுங்க, உள்ளே ஏத்தணும்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் வெகுநேரம் சிந்தித்தார். ஏற்றியாயிற்று.

திறப்பு விழாவில் துரைப்பாண்டி தேங்காய் உடைத்தார். மோட்டார் திருட்டே முதல் வழக்கு. பொத்தானை அமுக்கியதும் மிஷின் கொஞ்சம் முனகிவிட்டு ஒரு பேரை அடித்துத் தள்ளியது: ஆறுமுகத்தாய்.

அவள் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள். அந்த இடத்திலேயே கைது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து சேலையைப் பிடித்ததும்தான் சிரிப்பு நின்றது. லாக்கப்பில் மிஷின் குளுகுளுவென்று இருந்ததால் அவளை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். தெருப் பெண்களெல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் வேறு வழியில்லாமல் விட்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. "வாங்கட்டீ" என்றாள். அத்தனை பேரும் துரைப்பாண்டி ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரைத் தூக்கி, பட்டப்பகலில் நடுத்தெரு வழியாகக் கொண்டுவந்து தன் தறியில் மாட்டினாள். துரைப்பாண்டியால் புகார் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் மோட்டார் எங்கே வாங்கியது என்று சொல்லவேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கோ ஆனந்தம். 'குற்றவாளி மோட்டாரை எடுக்கப்போவதை ஒருநாள் முன்கூட்டியே கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது' என்று டெல்லிக்கு எழுதினார். பதக்கம் வந்தது.

ஒருநாள் துண்டு வாங்க வந்த ஆவுடையப்பனிடம் ஆறுமுகத்தாய் கேட்டாள்: "ஏட்டய்யா, அந்த மிஷினுக்குள்ள எம் பேரை எதுக்குய்யா போட்டிய?"

ஏட்டு துண்டை விரித்துப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த மெட்ராஸ்காரன் குத்தவாளிக பேரைக் கேட்டாம்லாம்மா. பயப்படாமச் சொல்ல எங்களுக்கு உம் பேரு ஒண்ணுதான் இருந்துது."