முப்பத்தைந்தாவது லேப்டாப்பின் சோக முகம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் இடது முழங்காலும் நலமா என்று போனிலேயே கேட்டிருப்பேன். நேற்று மாலையிலிருந்து ஒன்பது முறை அடித்தும் நீ எடுக்கவில்லை. பத்தாவது முறை அத்தான் எடுத்து, "அவ வீட்ல இல்லம்மா" என்றார். பின்னாலிருந்து "கடைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க" என்று உன் குரல் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். திருப்பி அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

நேற்று நீ வீடு மாறும்போது நான் வரவில்லை. "அலமாரிய ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிறேன், கவலைப்படாதே" என்று ஒரு மாதமாகச் சொல்லிவிட்டு, அலமாரி மாடிப்படியில் சிக்கி நின்ற நேரத்தில் என் போன் மேசை டிராயருக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன திங்கட்கிழமை எங்கள் நர்ஸிங் பள்ளிக்கு அறுபத்திரண்டு புது லேப்டாப் வந்தன. வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளுக்குத் தகுதித் தேர்வு. இந்த வருடம் முதல் முறையாக கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், எங்கள் பள்ளியே மையம். மெஷின் தயாராக இல்லையென்றால் மையம் ரத்து. பிள்ளைகள் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் வேறு ஊரில் எழுத வேண்டும், அல்லது அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். அவள் அம்மா திங்கட்கிழமையே என் கம்ப்யூட்டர் லேப்புக்கு வந்து, "இங்கதானே எழுதலாம், நிச்சயம்தானே?" என்று கேட்டார். நிச்சயம் என்று சொன்னது யார்? பள்ளி முதல்வரம்மா இல்லை, நான்தான். உனக்குத்தான் தெரியுமே, என் வாய் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

அறுபத்திரண்டு மெஷினுக்கும் தனித்தனியாக சிஸ்டம் போட்டு, தேர்வு சாப்ட்வேர் போட்டு, பூட்டு போட்டுக்கொண்டிருந்தால் பரீட்சையே முடிந்துவிடும் என்று, ஒரே ஒரு லேப்டாப்பை எல்லா லட்சணத்தோடும் தயார் செய்தேன். அதற்குத் தாய் மெஷின் என்று பெயர் வைத்தேன். அதன் உள்ளே இருப்பது அத்தனையையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து (இமேஜ் என்பார்கள்), மற்ற மெஷின்களில் ஒவ்வொன்றாக இறக்கினேன். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முப்பத்துநான்கு மெஷின் ஜம்மென்று எழுந்து உட்கார்ந்தன. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், "நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிடும். சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம்" என்றேன். சொன்னேனா இல்லையா என்று அவரையே கேட்டுக்கொள்.

வியாழக்கிழமை காலை முப்பத்தைந்தாவது மெஷின். இமேஜ் சுத்தமாக இறங்கியது. ஆன் செய்தேன். திரை முழுக்க நீலம். நடுவில் கோணல் வாயோடு ஒரு சோக முகம். கீழே, சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கைத் தொட முடியவில்லை என்று ஒரு வரி. சரி, ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று ஓரமாக வைத்துவிட்டு முப்பத்தாறை எடுத்தேன். அதற்கும் சோகம். முப்பத்தேழுக்கும் சோகம். மத்தியானத்துக்குள் ஏழு சோக முகங்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெஷின் விற்ற கடையின் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அவருக்கு இங்கே ரீஸ்டார்ட் என்றே பெயர், காரணம் நீயே பார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?" பண்ணினேன். "இன்னொரு தடவை?" பண்ணினேன். "அப்ப இமேஜை மறுபடி போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க." ஒரு மெஷினுக்கு நாற்பது நிமிடம். அதையும் பண்ணினேன். பென் டிரைவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மேசையைக்கூட மாற்றினேன். சோகம் மாறவில்லை. முதல்வரம்மா வந்து எட்டிப் பார்த்து, முப்பத்துநாலு ஓடுகிறதே, ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்து எழுத முடியாதா என்று கேட்டார். பரீட்சையில் ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்தால் அதற்கு வேறு பெயர் மேடம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க என் வீட்டுக்காரர் வந்தார். இருபத்தேழு வருடமாகத் துணி வெட்டுகிற மனிதர், கம்ப்யூட்டரைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. நின்று பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரின்னு யாரு சொன்னது?" என்றார்.

"பெட்டியில போட்டிருக்கு. கடைக்காரரும் சொன்னார்."

"ஒரே அளவுன்னு சொல்லித்தான் எனக்கும் யூனிபார்ம் ஆர்டர் தருவாங்க. டேப் வெச்சுப் பாக்காம நான் கத்திரியத் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாக இமேஜைத்தான் சந்தேகப்பட்டேனே தவிர, மெஷினை அளந்து பார்த்தேனா? தாய் மெஷினையும் முப்பத்தைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிஸ்டம் எழுவதற்கு முன்னால் வருமே, அந்த அமைப்புப் பக்கத்தை இரண்டிலும் திறந்து, விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். பதினேழாவது வரியில் மாட்டிக்கொண்டது. டிஸ்க்கோடு எந்த வகையில் பேசுவது என்று ஒரு வரி. தாயில் ஒரு வகை, முப்பத்தைந்தில் வேறு வகை. சோகமாக நின்ற ஏழிலும் பார்த்தேன், இறக்காமல் பெட்டியிலேயே இருந்த மிச்சம் இருபத்தொன்றிலும் பார்த்தேன். இருபத்தெட்டும் வேறு வகை.

ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு இல்லையா? அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தாய் மெஷினில் அந்த ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே மாற்றி ஆன் செய்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து முதல்வரம்மா உள்ளே வந்தார். தாய் மெஷினின் திரை நீலமானது. சோக முகம் வந்தது.

"நல்லா இருந்ததையும் கெடுத்துட்டீங்களா?" என்றார்.

"ஆமா மேடம்" என்று சிரித்தேன். அடக்க முடியவில்லை, அக்கா. இரண்டு நாளாகத் தேடிய திருடன் கையும் களவுமாக மாட்டியிருக்கிறான், சிரிக்காமல் என்ன செய்வது? முதல்வரம்மா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். நர்ஸாக இருந்து முதல்வரானவர், பழக்கம் விடாது.

மாற்றியதைத் திருப்பி வைத்ததும் தாய் பிழைத்துக்கொண்டது. இனி என்ன, இருபத்தெட்டிலும் அந்த ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது என்று கை வைத்தால், தாயில் இல்லாத பூட்டு இவற்றில் இருக்கிறது; பார்க்க விடுகிறது, மாற்ற விடவில்லை, பாஸ்வேர்டு கேட்கிறது. ரீஸ்டார்ட்டுக்குப் போன் செய்தேன். "அது எங்க கிட்ட இல்லையே மேடம். கம்பெனியில கேட்டுச் சொல்றேன். நாலு வேலை நாள் ஆகும்" என்றார். விரல் விட்டு எண்ணினேன். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன மறுநாள் பாஸ்வேர்டு வரும்.

கதவு பூட்டியிருந்தால் பூட்டை உடைக்க முடியாது; சரி, உள்ளே போகிற ஆளை மாற்றலாம் என்று முடிவு செய்தேன். டிஸ்க்கோடு பேசுவதற்கென்று சிஸ்டத்துக்குள் ஒரு சின்ன நிரல் உண்டு, டிரைவர் என்று பெயர். தாய் மெஷினின் இமேஜில் ஒரு வகைக்கான டிரைவர்தான் எழும்போதே வேலைக்கு வரும். இன்னொரு வகைக்கு ஆளில்லை. ஆள் இல்லாததால் டிஸ்க்கைத் தொட முடியாமல் சிஸ்டம் விழுகிறது. இதை முதல்வரம்மாவுக்கு எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னேன்: "மேடம், இருபத்தெட்டுக்கும் டிரைவர் இல்ல. அதான் பிரச்சினை." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன் கையில் சாவியோடு லேப் வாசலில் நின்றார்.

"டிரைவர் வேணும்னு கேட்டீங்களாம். இருபத்தெட்டுப் பேரையும் ஒரே டிரிப்ல ஏத்த முடியாதும்மா. ரெண்டா அடிச்சிடலாமா?"

விளக்கினேன். அவருக்கு முதல்வரம்மாவை விடச் சீக்கிரம் புரிந்தது. "அப்ப வண்டி நல்ல வண்டி, ஓட்டத் தெரிஞ்ச ஆளு உள்ள இல்ல. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் அக்கா. இரண்டு நாள் நான் பட்டதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வேனுக்கு அன்றும் மறுநாளும் வேறு வேலை இல்லாததால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷின் தூக்கவும் ஒயர் சொருகவும் என்னோடு நின்றுவிட்டார்.

மெஷின் தயாரித்த கம்பெனியின் தளத்தில் டிரைவரைத் தேடி எடுத்து, இமேஜைத் திறந்து உள்ளே சேர்த்து, மூடி, முப்பத்தைந்தில் இறக்கினேன். சோக முகம். நான் எடுத்தது போன தலைமுறை மெஷினுக்கான டிரைவர். சனிக்கிழமை காலை சரியான தலைமுறையைத் தேடிப் பிடித்தேன். வெறுமனே ஒரு போல்டரில் கொண்டுபோய் வைத்தேன், மறுபடி சோகம். வைத்தால் போதாது, சிஸ்டம் கண் விழிக்கும்போதே கூட விழிக்கும்படி முறைப்படி இமேஜுக்குள் சேர்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளும்போது மணி பதினொன்று. உன் முதல் அழைப்பு பதினொன்று நான்குக்கு வந்திருக்கிறது. போன் டிராயரில் இருந்தது. அது மணி அடித்தால் ரீஸ்டார்ட்தான் பேசுவார் என்று நானே ஊமையாக்கி உள்ளே போட்டிருந்தேன்.

முறைப்படி சேர்த்தேன். மறுபடி நாற்பது நிமிடம். முதல்வரம்மா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆன் செய்தபோது வேன் அண்ணனும் சேர்ந்து மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். கறுப்புத் திரை. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன் (முன்னால் சொன்னேனே, நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று, இதுதான்). பிறகு தேர்வு சாப்ட்வேரின் முகப்பு வந்து, பெயரும் எண்ணும் கேட்டது.

யாரும் கை தட்டவில்லை. வேன் அண்ணன்தான், "ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றார். முதல்வரம்மா எழுந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் இல்லை என்று ஞாபகம் வந்தது. டிராயரைத் திறந்தால் உன் பெயரில் பதினான்கு தவறிய அழைப்புகள்.

அதே இமேஜை மிச்சம் இருபத்தேழிலும் இறக்கி, பழைய முப்பத்துநான்கிலும் எதற்கும் இருக்கட்டும் என்று சிலவற்றில் போட்டுப் பார்த்து, இரண்டு வகையிலும் எழுகிறது என்று உறுதி செய்து, இன்று ஞாயிறு மத்தியானம் கடைசி மெஷினை மூடினேன். அறுபத்திரண்டும் தயார். பத்தொன்பது நாள் குழந்தையின் பாட்டிக்குப் போன் செய்து நானே சொன்னேன். அவர் அழுதார். நான் அழவில்லை, களைப்பாக இருந்தது.

அக்கா, என் மேல் நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் இடையில் விட்டுவிட்டு வந்திருந்தால், உன் அலமாரியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே அந்தச் சோக முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். கட்டாயம் உன் கால் மேல் போட்டிருப்பேன். வியாழக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். அலமாரியை எந்தச் சுவரோரம் சொல்கிறாயோ அங்கே தள்ளுகிறேன். பிடிக்கவில்லை என்றால் எதிர்ச் சுவருக்கும் தள்ளுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். அவர் முழங்காலுக்கு என் வீட்டுக்காரரின் விசாரிப்பு. புது வீடு உங்களுக்கு எல்லா நன்மையும் தரட்டும்.

இப்படிக்கு,
திட்டு வாங்கத் தயாராக இருக்கும்
உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ரீஸ்டார்ட் போன் செய்தார். "மேடம், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. உங்களுக்கு வந்த அறுபத்திரண்டும் வேற ஒரு ஆபீஸுக்குப் போகவேண்டியது. உங்களோடது இப்பதான் கிடைச்சுது, லாரியில அனுப்பிட்டேன். பழசைக் கையோட ஏத்தி விட்டுருங்க." லாரி வாசலில் நிற்கிறது. வேன் அண்ணன் ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருக்கிறார். முதல்வரம்மா யாரோடோ போனில் இதுவரை நான் கேட்டிராத வார்த்தைகளில் பேசிக்கொண்டிருக்கிறார். வேறு மாடல், வேறு நிறம். இதுவரை இரண்டு பெட்டி பிரித்தேன். இரண்டுக்கும் டிஸ்க் விஷயத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பரவாயில்லை, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்னும் இரண்டரை நாள் கிடக்கிறது, மூன்றாவது பெட்டியை இப்போது திறக்கிறேன். வியாழக்கிழமை பற்றி மேலே எழுதியதைப் படித்ததாக வைத்துக்கொள்ளாதே.