பட்டம் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ்

கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஏழாம் வார்டில், ஒளிந்துகொள்ளும் நரம்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே பிறவி றூபினி. இரண்டு வருடம் படித்த துணைத் தாதி. பதினொரு வருட அனுபவம். மூன்று வருடம் படித்த பட்டதாரித் தாதிகள் குத்திக் குத்திக் களைத்தபின் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நோயாளிகளின் நலன் கருதி, இந்த அவலத்தை உடனே நிறுத்துவதென நிர்வாகம் தீர்மானித்தது.

தரமேம்பாட்டு அதிகாரி ஞானேஸ்வரன் அவளை அழைத்தார். பக்கத்து செவன் கிங்ஸ் பகுதிக்காரர், ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார், ஆகவே அதிகாரியானவர். இனிமேல் பட்டதாரிகள் மட்டுமே ஊசி குத்தலாம், மற்றவர்கள் படிக்கப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம் என்று மிகுந்த மனவருத்தத்துடன், சிரித்தபடியே அறிவித்தார்.

"அண்ணை, அவைக்குக் குத்தப் பழக்கினதே நான்தானே?"

"ஓம் தங்கச்சி. ஆனா பழக்கின ஆளுக்குக் குத்தத் தெரியும் எண்டதுக்கு ஆதாரம் இல்லையே."

றூபினி படிக்கப் போனாள். செய்முறைப் பயிற்சிக்கு அவளை அனுப்பிய இடம் அதே ஏழாம் வார்டு. மாணவிகளைப் பழக்குபவர் என்று பழைய படிவத்தில் இருந்த பெயர் றூபினி. ஆகவே தன்னைத்தானே மேற்பார்வை செய்து, 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள்.

பட்டத்தோடு திரும்பிய திங்கட்கிழமை, வார்டுக் கதவில் புதிய சுற்றறிக்கை தொங்கியது. பட்டதாரிகளின் பொன்னான நேரம் கணினியில் படிவம் நிரப்பத் தேவைப்படுவதால், ஊசி குத்தப் பட்டமில்லாதவர்கள் வரவேற்கப்படுகிறார்கள்.

"கொம்பியூட்டருக்கு நரம்பு இல்லை அண்ணை. என்னை நோயாளியளிட்டை விடுங்கோ. பட்டத்தை மறந்திட்டு வாறன்."

"ஏலாது தங்கச்சி. மறந்ததுக்கு ஆர் சாட்சி? பட்டம் இல்லை எண்டு சான்றிதழ் கொண்டாங்கோ."

அப்படியொரு சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை. ஆனால் கேட்டால் இல்லையென்று சொல்லும் பழக்கமும் அவற்றுக்கு இல்லை. ஒரு மாதத்துக்குள் 'பட்டமின்மை' என்ற பாடத்தில் மூன்று வருடப் பட்டப்படிப்பு தொடங்கியது. நோயாளிகளிடம் போக வேறு வழி தெரியாமல் றூபினி முதல் ஆளாகப் பதிந்தாள்.

மிச்ச இடங்களெல்லாம் அன்று பின்னேரமே நிரம்பின. அடுத்த சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில், சாறிக்கடை மேல்மாடியில், அதற்கு ரியூஷன் வந்துவிட்டது. வாசலில் காத்துநின்ற தாய்மார் ஒருவரையொருவர் குரல் தாழ்த்தி விசாரித்துக்கொண்டார்கள்:

"உங்கடை பிள்ளை ஒண்டுமே படிக்கேல்லையாம். எந்த ரீச்சரிட்டை விட்டனீங்கள்?"