போலீஸ் பங்கு

குடிகாரனிடம் எப்படி நடந்துகொள்வது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒதுங்கிப் போவார்கள், திட்டுவார்கள், சாக்கடையில் விழுந்தால் தூக்கி ஓரமாகப் போடுவார்கள். குடியை விட்டவனிடம் எப்படி நடந்துகொள்வது என்றுதான் ஒரு பயலுக்கும் தெரியாது. விட்ட முதல் வாரத்தில் அவனுக்கே தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் மற்றவர்கள் நேரே வீட்டுக்குப் போவார்கள். நான் ஒயின் ஷாப் வழியாகப் போவேன். (சில நாள் வழியிலேயே வீடு வந்துவிடும். எங்கே விழுகிறேனோ அதுதான் வீடு.)

என் மனைவி செல்வி கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் இரண்டும் இல்லாமல், மாவாட்டிக்கொண்டே சொன்னாள்.

"தை மாசம் ராணிக்கு நிச்சயம். அன்னைக்கு நீங்க குடிச்சிட்டு வந்தீயன்னா நான் எங்கய்யா வீட்டுலயே இருந்துக்கிடுதேன். நீங்க மட்டும் பஸ் ஏறிக்கிடுங்க."

ராணி அவள் தங்கை. அப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். செல்வி கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் சாதாரணமாகச் சொன்னதில்தான் பயந்துபோனேன்.

டாக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார். "மாத்திரை மட்டும் போதாது, கூட ஆள் வேணும்" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறைக்கு அனுப்பினார். குடியை விட்டவர்கள் வாராவாரம் அங்கே கூடி, அவரவர் கதையைச் சொல்லி டீ குடிப்பார்கள். நான் போன அன்று ஒருத்தர் தான் சீரழிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மொத்த அறையும் விழுந்து விழுந்து சிரித்தது. மனுசன் நாசமாய்ப் போனதற்கு என்னடா சிரிப்பு என்று எனக்குக் கோபம். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். குடிக்காமல் சிரிக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்த அறைக்கு இரண்டு சட்டம். அங்கே பார்த்த முகத்தையும் கேட்ட கதையையும் வெளியே சொல்லக் கூடாது. புதிதாக விட்டவனை முதல் நாட்களில் தனியாக விடக் கூடாது. தனித்தனியே இரண்டும் நல்ல சட்டங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

எனக்குத் துணையாக வந்தவர் ஹவில்தார். வ. புதுப்பட்டிக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கேன்டீன் ரம்மில் மூழ்கி எழுந்து வந்தவர். ஆறடி உயரம், முறுக்கு மீசை, ஒட்ட வெட்டிய தலை, காக்கி பேன்ட், பழுப்பு ஷூ. மில் கேட் வரை கொண்டுவந்து விடுவார். ஷிப்ட் முடிந்து வந்தால் அதே இடத்தில் நிற்பார். ஒயின் ஷாப் பக்கம் என் கண் திரும்பினால் "ஏலே, நேரே பாருலே" என்பார். நான் கக்கூஸுக்குப் போனால் வெளியே நின்று இருமுவார். நானும் உள்ளிருந்து இருமவேண்டும். (இருமாவிட்டால் கதவு உடையும்.)

அவரிடம் இருந்த மருந்து பால்கோவா. நாக்கு குடியைக் கேட்டால் இனிப்பைக் கொடு என்று அந்த அறையில் சொல்வார்கள். வேறு ஊராக இருந்தால் வெல்லக்கட்டி கொடுத்திருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு எதைக் கொடுப்பான்? அவர் பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு பொட்டலம் இருக்கும். என் முகம் கோணினால் போதும், "வாயத் தொற" என்பார். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், மில் வாசலில், எல்லா இடத்திலும் திறந்தேன். முப்பது வயது ஆம்பளை, குருவிக்குஞ்சு மாதிரி.

நிச்சயத்துக்கும் கூடவே வந்தார்.

என் மாமனார் அதுவரை என்னைத் தொட்டதே இல்லை. அன்று வாசலிலேயே கட்டிப்பிடித்தார். மோந்து பார்க்கத்தான். அப்புறம் குழம்பிப்போய்க் காதுக்குள் கேட்டார்.

"மாப்ள, வாயி பால்கோவாவா மணக்கு. கை இந்த நடுங்கு நடுங்குது. புதுசா என்னத்தக் குடிச்சீய?"

இதுதான் கொடுமை. குடித்துவிட்டு வந்த காலமெல்லாம் ஆடாத கை, குடிக்காமல் வந்த அன்றைக்கு ஆடியது. இதை எவனிடம் போய் முறையிடுவது?

மாப்பிள்ளை வீடு கான்சாபுரம். நல்ல விவசாயக் குடும்பம், எதையும் தீர விசாரிக்கிற ஆட்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்ததில் இருந்து ஹவில்தாரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தால் அவர் பின்னால் நிற்கிறார். நான் எழுந்தால் அவரும் நகர்கிறார். கொல்லைப்பக்கம் போனால் இரண்டு பேரும் மாறி மாறி இருமுகிறோம். தாய்மாமன் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி எந்த டிபார்ட்மென்ட்டு?"

"அதச் சொல்லக் கூடாது" என்றார் ஹவில்தார்.

"இங்க என்ன சோலியா?"

"இவன் கூட இருக்கணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"இவனத் தனியா விடலாம்னு தோணுற வரைக்கும்."

தாய்மாமன் அப்படியே நாலடி பின்வாங்கிப் போய்த் தன் ஆட்கள் காதில் ஏதோ சொன்னார். நான் கடந்து போனபோது ஒரு அம்மா கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. பெண் வீட்டின் மூத்த மருமகன்தான் பால்கோவாத் தட்டைச் சபைக்குத் தூக்கி வரவேண்டும். கோபுரம் மாதிரி குவித்திருந்தார்கள். அடுக்களையில் இருந்து கூடம் வரைதான் தூரம், ஆனால் எனக்கு அய்யனார் கோவில் மலையைத் தட்டோடு ஏறுகிற மாதிரி இருந்தது. தட்டு கடகடவென்று ஆடியது. ஓரத்தில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் உருண்டு போய் மாப்பிள்ளை காலடியில் நின்றது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நெற்றி வேர்த்தது. ஒரே ஒரு கிளாஸ் அடித்தால் கை நின்றுவிடும் என்று எனக்குள்ளே ஒருத்தன் கத்தினான்.

ஹவில்தார் அதை என் முகத்தில் பார்த்துவிட்டார். சபையைப் பிளந்துகொண்டு வந்தார்.

"நில்லு!"

நின்றேன். பாக்கெட்டில் கையை விட்டார். பொட்டலம் காலி. சுற்றிலும் பார்த்தார். மருந்து என் கையிலேயே மலை மாதிரி இருந்தது. கோபுரத்தின் உச்சியை அப்படியே கிள்ளி எடுத்தார்.

"வாயத் தொற."

பழக்கதோஷம். திறந்தேன்.

"ஆத்தீ! மாத்தாத சீர்த்தட்டுல கைய வச்சிட்டானே!" என்று மாப்பிள்ளையின் அம்மா அலறினார். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"போலீசு காவல்ல இருக்குறவன மருமகனா வச்சிருக்காக. கைதிக்குச் சோறு ஊட்டுறாப்ல ஊட்டுதாரு அந்த ஏட்டு. இந்த வீட்டுல நமக்குச் சம்பந்தம் வேண்டாம். எந்திரிங்கப்பா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறை வாசலில் பட்டுச்சேலையோடு ராணி நின்றாள். அவள் பின்னால் செல்வி. எனக்குக் கோபம் வந்தது. வாய் நிறையப் பால்கோவா இருந்ததால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"போலீசுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! நான் குடிகாரன். மூக்கு முட்டக் குடிச்சவன். இப்பம் விட்டிருக்கேன். விட்டதுக்குத்தான்யா கை நடுங்குது! மறுபடி குடிச்சிரக் கூடாதேன்னு இந்த மனுசன் சோறு தண்ணியில்லாம என் பின்னால அலையுதாரு. திட்டணும்னா என்னத் திட்டுங்க. ராணி மேல ஒரு சொல்லு விழுந்தா நடக்குறதே வேற!"

ஹவில்தார்தான் வருத்தமாக, "ஏலே, வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா?" என்றார்.

"என் கதைய நான் சொல்லலாம் அண்ணாச்சி. ஒங்க கதையவா சொன்னேன்?"

ஹவில்தார் யோசித்தார். பிறகு ஷூவைச் சேர்த்து, விறைப்பாக நின்று, சபையைப் பார்த்து முழங்கினார்.

"நானும் குடிகாரந்தான்!"

முதலில் சிரித்தது ராணி. கல்யாணப்பெண் என்கிற அடக்கமே இல்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான். அவன் சிரித்த பிறகு யார் எழுந்து போக முடியும்? அவன் அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. ஹவில்தாரை மெதுவாகத் தூண் ஓரம் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, நீங்க குடிய விட்ட எடம் எந்தத் தெருவுல இருக்கு?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் மனைவிக்குப் பாம்புக் காது. "சும்மா கேட்டுட்டு வந்திராதீய, இன்னைக்கே போய்ட்டு வாங்க!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

தட்டு இன்னும் என் கையில் ஆடிக்கொண்டிருந்தது. செல்வி வந்து மறுபக்கம் பிடித்தாள். "ரெண்டு பேருமாத் தூக்குவோம், வாங்க" என்றாள். உச்சி இல்லாத கோபுரத்தை அப்படியே கொண்டுபோய் வைத்தோம். நிச்சயம் முடிந்தது.

சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹவில்தார் பின்சீட்டில். மம்சாபுரம் விலக்குத் தாண்டியதும் அவர் இருமினார். நான் இருமினேன். செல்வியும் இருமினாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குச் சீர்த்தட்டு அடுக்கினாலும், முதலில் கொஞ்சம் பால்கோவாவைப் பொட்டலம் கட்டித் தனியே வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் போலீஸ் பங்கு. கட்டுகிற வேலை கான்சாபுரத்துத் தாய்மாமனுடையது, வேறு யாரையும் தொட விடமாட்டார். ராணி மகளுக்குக் காது குத்தியபோது ஹவில்தாருக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் மட்டும் நடுங்காத கையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்குள் நுழைந்தேன். என் மாமனார் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"என்ன மாப்ள, ஜாமீன்ல வந்திருக்கீயளா?"